ஏரியைக் கரைத்தவர்

"பின்னாடி கரையணும்மா. பின்னாடி கரைஞ்சாத்தான் முகம் பேசும்."

இதைச் சொல்லாமல் கண்ணாடிக்காரர் ஒரு படமும் எடுத்ததில்லை. இடுப்பளவு ஏரித் தண்ணீரில் அரைக்கால் சட்டையோடு நின்றுகொண்டு, கேமராவைக் கண்ணோடு ஒட்டி வைத்து, லென்ஸில் இருக்கும் வளையத்தை இந்தப் பக்கம் ஒரு நூல், அந்தப் பக்கம் ஒரு நூல் என்று திருகிக்கொண்டே இருப்பார். எதிரே என் அம்மா தண்ணீரில் குந்தியிருப்பாள். தலை மட்டும்தான் வெளியே தெரியும். பனையோலைப் பறி அவள் பல்லில் தொங்கும்.

எங்கள் பெண்கள் இறால் பிடிப்பது அப்படித்தான். வலை கிடையாது, படகு கிடையாது. குந்தியபடியே நகர்ந்து இரண்டு கையாலும் சேற்றைத் தடவ வேண்டும். கையில் சிக்கியதைப் பறிக்குள் போட வேண்டும். கை இரண்டும் சேற்றில் இருப்பதால் பறியின் கயிற்றைப் பல்லால் கடித்துக்கொள்வார்கள். அதனால் வேலை நேரத்தில் யாரும் பேச முடியாது. என் அம்மாவும் அவரைக் கண்ணாலேயே முறைத்துக்கொண்டிருப்பாள். பொறுக்க முடியாமல் போகும்போது கயிற்றை வாயிலிருந்து எடுத்துவிட்டுக் கத்துவாள்.

"இன்னா சார், இன்னுமா ஆவல? எறா எல்லாம் ஆந்திரா போய்ச் சேந்துடும் போல கீது."

"அசையாதம்மா. ஒரே நிமிஷம்."

அந்த ஒரு நிமிஷம் பத்து நிமிஷத்துக்குக் குறைந்து நான் பார்த்ததில்லை.

அவர் பொன்னேரியில் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை கடைக்கு விடுமுறை. காலை முதல் பஸ்ஸில் பழவேற்காடு வந்துவிடுவார். எங்கள் ஊரில் எல்லோருக்கும் அவர் கண்ணாடிக்காரர். நான் அப்போது பஜாரில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்த்தேன். ஞாயிறு எனக்கும் விடுமுறை என்பதால், அம்மா பிடித்த இறாலைக் கரையில் வாங்கி மார்க்கெட்டுக்குக் கொண்டுபோகப் போய் நிற்பேன். அவரால் ஞாயிறுதோறும் எனக்குத் தாமதம். ஒன்பது வருஷம் இப்படிப் போனது.

அவருடைய ஜெர்மன் கேமரா டிஜிட்டல்தான், ஆனால் தானாக எதுவும் செய்யாது. அதைத்தான் அவர் பெருமையாகச் சொல்லுவார். பார்க்கிற ஜன்னல் ஒரு மூலையில் இருக்கும், லென்ஸ் வேறு இடத்தில் இருக்கும். ஜன்னலின் நடுவே சின்னதாக வெளிச்சமான ஒரு சதுரம். அதற்குள் பார்க்கிற பொருள் இரண்டாகத் தெரியும். வளையத்தைத் திருகத் திருக அந்த இரண்டும் நெருங்கி வந்து ஒன்றாகும். ஒன்றான இடத்தில் அழுத்த வேண்டும். ஒருமுறை என்னிடம் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். சதுரத்துக்குள் இரண்டு அம்மா. மெதுவாகத் திருகினேன். இரண்டு அம்மாவும் வந்து ஒரே அம்மாவாக ஒட்டிக்கொண்டார்கள். பொய் சொல்ல மாட்டேன், அந்த நொடியில் எனக்கும் உடம்பு சிலிர்த்தது. அதற்காக ஒரு மனுஷன் ஞாயிறுதோறும் பஸ் ஏறி வருவதில் நியாயம் இருக்கிறது என்றுகூடத் தோன்றியது. ஆனால் என் மார்க்கெட் நேரம் போய்க்கொண்டிருந்தது.

லென்ஸ் இன்னொரு கூத்து. அதில் ஒன்று முதல் பதினாறு வரை எண்கள் உண்டு. ஒன்றில் வைத்தால் அதன் கண் முழுசாகத் திறந்துவிடும். அப்போது ஒரு விரற்கடை ஆழம்தான் தெளிவாக விழும். கண்ணிமை தெளிவாக இருந்தால் காது மங்கிவிடும். காதுக்குப் பின்னால் இருக்கிற உலகம் பாலில் கரைத்த மாதிரி ஆகிவிடும். எண்ணைக் கூட்டக் கூட்டக் கண் சுருங்கும், பின்னால் இருப்பதெல்லாம் தெளிவாகும். அவர் ஒன்றை விட்டு நகரவே மாட்டார். நடுப்பகல் வெயிலில் அத்தனை வெளிச்சம் உள்ளே போனால் படம் வெளுத்துவிடுமே என்றால், அதற்கு ஒரு கறுப்புக் கண்ணாடியை லென்ஸ் மேல் மாட்டிக்கொள்வார். கண்ணைச் சுருக்கச் சொன்னால் மட்டும் கோபம் வரும்.

"இன்னா சார், கேமராவுக்கே கூலிங் கிளாஸ் மாட்டிட்டியா?" என்று தண்ணீரிலிருந்து பெண்கள் சிரிப்பார்கள்.

நான் ஒருநாள் கேட்டே விட்டேன். "சார், பதினாறுன்னு ஒரு நம்பர் கீதே, அத்த இன்னாத்துக்கு வச்சிருக்காங்க?"

"பயந்தவங்களுக்கும்மா" என்றார். "எல்லாத்தையும் காட்டணும்னு நினைக்கிறவன் ஒண்ணையும் காட்ட மாட்டான்."

கேட்பதற்கு நன்றாகத்தான் இருந்தது. அந்தப் பேச்சில் மயங்கித்தான் என் பெரியம்மா மகள் கல்யாணத்தை அவரிடம் ஒப்படைத்தோம். திருப்பாலைவனம் கோயிலில் கல்யாணம். "என் பரிசா எடுத்துத் தர்றேன்" என்று அவராகவே சொன்னார். ஜெர்மன் கேமரா என்றதும் பெரியம்மா, பேசி வைத்திருந்த ஸ்டுடியோக்காரரை வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். தாலி கட்டும் நேரத்தில் கண்ணாடிக்காரர் வளையத்தைத் திருகிக்கொண்டிருந்தார். அந்தச் சதுரத்துக்குள் மணப்பெண் இரண்டிலிருந்து ஒன்றாவதற்குள் மூன்றாவது முடிச்சே விழுந்துவிட்டது. இரண்டு வாரம் கழித்துப் படங்கள் வந்தன. மணப்பெண்ணின் இடது கண், அதில் திரண்டு நிற்கிற ஒரு துளிக் கண்ணீர், அதை வெறும் கண்ணால்கூட அவ்வளவு தெளிவாகப் பார்க்க முடியாது. வலது கண் கொஞ்சம் மங்கல்.

"மாப்ள எங்கடி?" என்றாள் பெரியம்மா.

"தோ, பொகை மாரி நிக்கறாரே, அவருதான்."

"சம்பந்தியம்மா?"

"அந்த மஞ்சக் கலரு."

பெரியம்மா அன்று திட்டியதை இங்கே எழுத முடியாது. அவரோ அதே படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "இந்தக் கண்ணைப் பாருங்க, இந்தக் கண்ணு போதாதா?" என்று உண்மையாகவே கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு அது போதும். அதுதான் எரிச்சலே. ஏமாற்றுக்காரனாக இருந்தால் சண்டை போட்டுத் துரத்திவிடலாம்.

இன்னொரு நாள் பூநாரைகள் கூட்டமாக வந்து எங்கள் கரைக்குப் பக்கத்திலேயே இறங்கின. அன்று மட்டும் முகத்தை விட்டுவிட்டுப் பறவைகள் பக்கம் திரும்பினார். அரைமணி நேரம் மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுத்தார். நான் எதேச்சையாக முன்னால் வந்து பார்த்தால் லென்ஸில் மூடி அப்படியே இருக்கிறது. அந்தக் கேமராவில் லென்ஸ் வழியாகப் பார்ப்பதில்லை அல்லவா, மூடி இருந்தாலும் ஜன்னலில் எல்லாம் அழகாகத் தெரியும். பின்னால் இருக்கிற திரையைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். அதன்மேல் கறுப்பு டேப் ஒட்டி வைத்திருந்தார். எடுத்த படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் எடுக்க வேண்டியது போய்விடும் என்பது அவர் கணக்கு.

"சார், மூடி" என்றேன்.

கழற்றிக் கையில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். "நான் பார்த்துட்டேன்ல, அது போதும்" என்றார். எனக்குத்தான் வயிறு எரிந்தது.

இத்தனை குறை சொல்கிறேன், ஆனால் அவர் கொடுத்த படங்களை யாரும் குறை சொல்ல முடியாது. யாரை எடுத்தாரோ அவர்களுக்கெல்லாம் பெரிதாக அச்சுப் போட்டுக் கொண்டுவந்து கொடுப்பார். அம்மாவுக்கு அதற்கு முன் ஆதார் அட்டைப் படம்தான் இருந்தது. அதில் அவள் எதையோ திருடிவிட்டு மாட்டிக்கொண்டவள் போல முழிப்பாள். கண்ணாடிக்காரர் எடுத்த முதல் படத்தில் மூக்குத்தி மேல் ஒரு தண்ணீர்த் துளி நின்றது. புருவத்தில் சேறு. கண் நேராக நம்மைப் பார்த்தது. அம்மா ரொம்ப நேரம் அதைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"நானாடி இது?"

"நீதாம்மா."

"இவ்ளோ அழகாவா கீறேன்?" என்றாள். நைனாவிடம் காட்டினாள். பிறகு பிளாஸ்டிக் உறையில் போட்டுப் புடவைகளுக்கு நடுவில் வைத்துவிட்டாள். அவளை அப்படிப் பார்த்தவர் அவர் ஒருவர்தான் என்பதை நானும் மறுக்கவில்லை.

அதனால்தான் மீனவர் அட்டைப் பிரச்சினை வந்தபோது நான் கொஞ்சமும் கவலைப்படவில்லை.

ஏரியில் தொழில் செய்கிறவர்களுக்கு மீன்வளத் துறையில் புதிதாக அட்டை கொடுக்க ஆரம்பித்தார்கள். அட்டை உள்ளவர்கள் இறங்கினால் யாரும் ஏன் என்று கேட்க முடியாது. கையால் பிடிக்கிற பெண்கள் மனு கொடுத்தபோது, வலைக்காரர்கள் சிலர் எதிர்மனு கொடுத்தார்கள். இவர்கள் எப்போதாவது வந்து தடவுகிறவர்கள், இது இவர்கள் தொழில் இல்லை என்று எழுதியிருந்தார்கள். அதோடு நிற்கவில்லை. அம்மா வழக்கமாக இறங்குகிற இடத்திலேயே ஒருநாள் படகைக் குறுக்கே நிறுத்தி, "உனுக்கு இன்னா ரைட்டு கீது? அட்டைய எடு பாக்கலாம்" என்று கேட்டு அவளைக் கரையேற்றினார்கள். பதினாறு வயதிலிருந்து அந்தத் தண்ணீரில் இறங்கியவள், ஈரப் புடவையோடு காலிப் பறியைத் தூக்கிக்கொண்டு நடந்து வந்தாள். அன்று அவள் சாப்பிடவில்லை.

மனுவைப் பார்த்த மீன்வளத் துறை ஆபீசர் கெட்டவர் இல்லை. பொறுமையாகத்தான் சொன்னார். "எதிர்மனு வந்துட்டா நான் ஆதாரம் பார்த்துத்தான் ஆகணும். வருஷக்கணக்கா பிடிக்கிறாங்கன்னு காட்டுற மாதிரி பழைய போட்டோ இருந்தா கொண்டாங்க. முகம் தெரியணும், எந்த இடம்னு தெரியணும். ரெண்டும் ஒரே படத்துல இருக்கணும்."

மற்றவர்கள் முழித்தார்கள். கழுத்தளவுத் தண்ணீரில் இறங்குகிறவள் போனைக் கொண்டுபோவாளா? இறால் தடவுவதை யார் படம் எடுத்து வைப்பார்கள்? நான் மட்டும் சிரித்தேன். எங்களிடம் ஒன்பது வருஷப் படம் இருக்கிறதே.

மறுநாளே பொன்னேரி போனேன். கண்ணாடிக்காரர் கடையை அரைநாள் மூடிவிட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். விஷயத்தைக் கேட்டதும் அவருக்கு அவ்வளவு சந்தோஷம். தன் படம் ஒரு காரியத்துக்கு ஆகப் போகிறது என்று காபி வாங்கிக் கொடுத்தார். ஆயிரக்கணக்கில் படங்கள். முதல் படம் அம்மா. முகம். பின்னால் இளநீலமாக ஒரு கரைசல். அடுத்ததில் பச்சையும் வெள்ளையுமாக ஒரு கரைசல். அதற்கடுத்ததில் பக்கத்தில் இருந்த நாலு பெண்கள் நாலு பழுப்புப் புள்ளிகளாக இருந்தார்கள். அரை மணி நேரம் பார்த்த பிறகு திரையை விரலால் தட்டினேன்.

"சார், இதுல ஏரி எங்க சார்?"

"இதோ, இதான்."

"இது ஏரின்னு நீங்க சொல்றீங்க. துவைச்சிக் காயப்போட்ட போர்வைன்னும் சொல்லலாம். லைட்ஹவுஸ் தெரியற படம் ஒண்ணு கூடவா இல்ல?"

அவர் வேகமாகத் தள்ளிக்கொண்டே போனார். பறிகூட எதிலும் தெளிவாக இல்லை. மோவாய்க்கு ஒரு சாண் முன்னால் தொங்குகிற பறி, அதுவும் கரைந்து ஒரு மஞ்சள் கறையாக இருந்தது. எனக்கு ஒன்று தோன்றியது.

"போகஸ் தப்பிப் போன படம் இருக்கும்ல சார்? மூஞ்சி மங்கி, பின்னாடி கரை தெளிவா வுழுந்தது? கொஞ்சமா மங்கி இருந்தாக்கூட போதும்."

"தப்பான படத்தை நான் வச்சுக்க மாட்டேம்மா" என்றார். "அன்னிக்கே அழிச்சிடுவேன்."

எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்தது என்று தெரியவில்லை. கடை என்றும் பார்க்காமல் கத்திவிட்டேன். ஒன்பது வருஷம் எங்களைத் தண்ணீரில் நிறுத்தி வைத்து இதைத்தான் எடுத்தீர்களா என்று கேட்டேன். அவர் முகம் சுருங்கிவிட்டது.

"நான் உங்கம்மாவை எடுத்தேன். ஏரியை எடுக்கலம்மா."

"ஏரி இல்லாம எங்கம்மா யாரு சார்?"

அவர் திரையின் பக்கம் திரும்பிக்கொண்டார். நானும் காபியைக் குடிக்காமல் வந்துவிட்டேன்.

மனு விசாரணை நாளில் கண்ணாடிக்காரர் அழைக்காமலே ஆபீசுக்கு வந்தார். கையில் ஒரு பெரிய உறை. நல்லதாகப் பத்துப் படம் பொறுக்கி அச்சுப் போட்டிருந்தார். ஆபீசர் ஒவ்வொன்றாகப் பார்த்தார். "ரொம்ப நல்லா இருக்கு" என்றார். பிறகு, "ஆனா இது எங்க வேணா எடுத்திருக்கலாமே?" என்றார். அம்மா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அப்போது ஆபீசரே ஒரு வழி சொன்னார். "படம் கிடக்கட்டும். நீங்க ஒன்பது வருஷமா நேர்ல பார்த்திருக்கீங்கல்ல? சாட்சியா எழுதிக் கொடுங்க. நீங்க இவங்க சொந்தம் இல்ல, இந்தத் தொழிலும் இல்ல. வெளியாள் சொல்றதுக்கு மதிப்பு இருக்கு. நாலு கேள்வி கேட்பேன், அவ்வளவுதான்."

எனக்கு உயிர் வந்தது. அம்மா நிமிர்ந்து பார்த்தாள். கண்ணாடிக்காரர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இவங்க எங்க பிடிப்பாங்க? பாலத்துக்கு வடக்கயா, தெற்கயா?"

"தண்ணியில... பஸ்ஸை விட்டு இறங்கி, அப்படியே இவங்க பொண்ணு பின்னாடி நடந்து போவேன்."

"கரையில அடையாளம் ஏதாவது? மரம், கோயில், படகுத்துறை?"

அவர் கண்ணை மூடி யோசித்தார். நான் பக்கத்திலிருந்து "வடக்க" என்று முணுமுணுத்தேன். "நீங்க சொல்லாதீங்கம்மா" என்றார் ஆபீசர்.

"கூட எத்தனை பேர் பிடிப்பாங்க?"

"இருப்பாங்க சார், சில பேர்."

"சரி, விடுங்க" என்று ஆபீசர் மனுவின் மேல் உள்ளங்கையை வைத்து மறைத்துக்கொண்டார். "இவங்க பேரு என்ன?"

கண்ணாடிக்காரர் அம்மாவைத் திரும்பிப் பார்த்தார். அவள் இமையில் எத்தனை முடி என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். மூக்குத்தியில் எந்தக் கல் விழுந்துவிட்டது என்று சொல்லியிருப்பார். ஒன்பது வருஷமாக அவளை 'அம்மா' என்று கூப்பிட்டுத்தான் அவருக்குப் பழக்கம். ஏதாவது ஒரு பெயரைச் சொல்லித் தொலையுங்கள், லட்சுமி என்றாவது சொல்லுங்கள் என்று எனக்குள் கதறிக்கொண்டிருந்தேன். பொய் சொல்லவும் அவருக்குத் தெரியாது.

"மன்னிக்கணும். நான் கவனிக்கல" என்றார்.

"தேசம்மா" என்று அம்மாவே சொன்னாள். ஆபீசரைப் பார்த்துச் சொல்லவில்லை, அவரைப் பார்த்துத்தான் சொன்னாள்.

ஆபீசர் கோப்பை மூடினார். இப்படி ஒரு சாட்சியை வைத்தால் எதிர்மனுக்காரர்கள் கிழித்துவிடுவார்கள், வேறு ஆதாரம் கிடைத்தால் வாருங்கள் என்றார். வெளியே வந்ததும் கண்ணாடிக்காரர் உறையைப் பிடித்துக்கொண்டு வேப்பமரத்தடியில் நின்றார். நான் அவர் பக்கம் போகவில்லை. அம்மாதான் போனாள்.

"வுடு சார். காலைல இன்னா சாப்ட்ட?" என்று கேட்டாள்.

நான் பஸ் வந்துவிட்டது என்று பொய் சொல்லி அவளை இழுத்துக்கொண்டு வந்தேன்.

இனி அந்தப் பக்கம் வரமாட்டார் என்று நினைத்தேன். இரண்டு ஞாயிறு வரவில்லை. மூன்றாவது ஞாயிறு, வலைக்காரர்கள் கண்ணில் படாமல் இருக்க அம்மா விடியும்போதே இறங்கிவிட்டிருந்தாள். முதல் பஸ்ஸில் வந்தவர் நேராகத் தண்ணீருக்குள் நடந்தார். கேமராவை எடுத்தார். இந்த முறையாவது லென்ஸ் பதினாறில் இருக்கும், ஏரியும் படத்தில் விழும் என்று எட்டிப் பார்த்தேன். ஒன்றில்தான் இருந்தது. என் உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

"தேசம்மா" என்று கூப்பிட்டார். "கொஞ்சம் இந்தப் பக்கம் பாரும்மா."

அம்மா கையைச் சேற்றிலிருந்து எடுத்துவிட்டுத் திரும்பினாள். அசையாமல் இருந்தாள். அவர் திருகி முடிக்கிற வரைக்கும் ஒரு வார்த்தை கத்தவில்லை.

அவள் கரையேறியதும் பறியை வாங்காமல் கேட்டேன். "இன்னாத்துக்கும்மா அந்த ஆளுக்கு மூஞ்சி காட்டற? அவரால தான உனுக்கு அட்ட வரல?"

அம்மா புடவையைப் பிழிந்தாள். அவளைச் சின்ன வயதில் தேசி என்பார்கள், பிறகு இன்னார் பெண்டாட்டி, இன்னார் அம்மா, எறாக்காரி என்றானாள். முழுப் பெயர் மனுவில்தான் இருந்தது.

"பேரச் சொல்லிக் கூப்ட்டாருடி" என்றாள்.

ஒரு பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்ள அந்த மனுஷருக்கு ஒன்பது வருஷமும் ஒரு விசாரணையும் தேவைப்பட்டது. அதற்கே என் அம்மா குளிர்ந்துபோய் நிற்கிறாள். இவளைத் திட்டுவதா, அவரைத் திட்டுவதா என்று தெரியாமல் பறியைப் பிடுங்கிக்கொண்டு மார்க்கெட்டுக்கு நடந்தேன். இப்போது அவர் கடையை மூடிவிட்டு மகன் வீட்டோடு போய்விட்டார். அம்மாவின் மனு இன்னும் அந்த ஆபீசில்தான் கிடக்கிறது. அவள் இன்னும் விடியுமுன்னே இறங்கி, படகுச் சத்தம் கேட்டால் கரையேறிவிடுகிறாள்.